கால் தரைக்கு எட்டுவதா, பெடலுக்கு எட்டுவதா?

"ஹேண்டில்பாரை ஏத்திட்டேன், சீட்டை இறக்கிட்டேன், நிமிர்ந்துதான் உட்கார்றேன். அப்புறமும் முட்டி வலிக்குதே?" தினமும் வேலைக்குப் போக, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி சைக்கிளை மாற்றிக்கொண்டு, என் பட்டறைக்கு இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. கடைசியாக வந்தவர், ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டில், இதற்கு மேல் இழுக்காதே என்று செதுக்கியிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும்படி இழுத்து வைத்திருந்தார். முட்டி வலியோடு தப்பித்தாரே என்று இருந்தது. அந்தத் தண்டு போகிற போக்கில் கையோடு வந்திருந்தால் முகம்தான் தரையில் பட்டிருக்கும்.

சரி, முதலில் சீட். "உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், அதுதான் பாதுகாப்பு" என்று யார் கிளப்பிவிட்டார்களோ! பேலன்ஸ் பழகும் குழந்தைக்கு அது சரி. தினமும் வேலைக்கு மிதித்துப் போகிறவருக்கு அது முட்டி வலிக்கான வழி. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சாதாரண சைக்கிளில் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றும் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 28 செ.மீ. உயரத்தில் இருக்கும். கிராங்க்கின் நீளம் 17 செ.மீ. ஆக, பெடல் அடிக்கு வரும்போதுகூடத் தரைக்கு மேலே 11 செ.மீ.யில் நிற்கிறது. உங்கள் கால் நேராக நீண்டு தரையைத் தொடுகிறது என்றால், பெடலில் அது ஒருபோதும் நீளவே போவதில்லை. பெடல் மேலே போகும்போது 45 செ.மீ. உயரம், அங்கே முட்டி நன்றாக மடங்கியிருக்கும், நீங்கள் பலம் கொடுத்து அழுத்துவதும் அந்த இடத்திலிருந்துதான். முட்டிச் சில்லு எத்தனை நாள் பொறுக்கும்?

உட்கார்ந்தபடியே தரையைத் தொட வைக்கும் சைக்கிள் இல்லையா என்றால், இருக்கிறது. அதில் பெடல்கள் சீட்டுக்கு நன்றாக முன்னால் தள்ளி இருக்கும்படி ஃபிரேமையே வேறு மாதிரி வளைத்திருப்பார்கள். சீட்டை இறக்கி அதைக் கொண்டுவர முடியாது.

நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை சுற்றுங்கள். கால் அப்போதுதான் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அவ்வளவுதான் உயரம். சிக்னலில் என்ன செய்வது என்கிறீர்களா? சீட்டை விட்டு முன்னால் இறங்கி நில்லுங்கள். இதற்காகத்தான் கால்களுக்கு நடுவே வரும் மேல் குழாய் தாழ்வாக இருக்கும் ஃபிரேமைத் தேடச் சொல்கிறேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரம் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் இறங்கும். அதனால் அகலமான சீட், ஸ்பிரிங் வைத்ததானாலும் சரி. ஆனால் மெத்தை மாதிரி அமுங்கும் ஜெல் உறை வேண்டாம். உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, நடுவில் இருக்கும் மென்மையான பகுதி நசுங்கும். மரத்துப்போகிறது என்று வருகிறவர்களில் பலருடைய சீட்டைத் தொட்டுப் பார்த்தால் பஞ்சுதான்.

சீட் சரியான பிறகே ஹேண்டில்பார். நீங்கள் அதைத் தேடிக் குனியாமல், பிடி உங்கள் கைக்கு வர வேண்டும். பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பார் அதற்குத்தான். தண்டு எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது, சீட் கம்பியும் அப்படியே. புது மாதிரி ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) தண்டு மாட்டும் குழாயை ஏற்கெனவே அறுத்திருந்தால் அது வளராது. மேல்நோக்கிச் சாய்ந்த தண்டு வாங்குங்கள். ஹேண்டில்பாரைத் தண்டு பிடிக்கும் இடத்தில் விட்டம் 25.4 மி.மீ.யா 31.8 மி.மீ.யா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். தகரத்தை வெட்டிச் சொருகி இறுக்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பிரேக். ரேஸ் சைக்கிளின் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரை மாற்றினால் பிரேக் லீவரும் மாற வேண்டும். இரண்டு நீளக் கைகள் சக்கர விளிம்பை அழுத்தும் வி-பிரேக்குக்குக் கேபிளை அதிக நீளம் இழுக்கும் லீவர் வேண்டும். சக்கரத்துக்கு மேலே மாட்டி, இடுக்கி மாதிரி பிடிக்கும் காலிப்பர் பிரேக்குக்குக் குறைவாக இழுப்பது போதும். காலிப்பருக்கு வி-பிரேக் லீவரைப் போட்டால் கைக்குக் கெட்டியாகத் தெரியும், வண்டி நிற்காது. இன்னொன்று: கியர் கேபிளின் உறையை பிரேக்குக்குப் போடாதீர்கள், தயவுசெய்து. அதன் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அவசரத்தில் முழு பலத்தோடு அழுத்தும்போது பிளந்துவிடலாம். இதைக் கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

மற்றவை சுலபம். 35 முதல் 40 மி.மீ. டயர், அதற்கு மேலே மட்கார்டுக்கும் இடம். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அதிகபட்சக் காற்று அளவு ஒரு வரம்பு மட்டுமே. அதுவரை அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடியுங்கள். கியருக்கு, பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள்ளேயே இருக்கும் 3 கியர் போதும். நின்ற இடத்திலேயே மாற்றலாம். செயின் கவர், கேரியர், விளக்கு எல்லாம் முதல் நாளே போட்டுவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் வராது. சஸ்பென்ஷன் இல்லாத பழைய இரும்பு மவுண்டன் சைக்கிள் கிடைத்தால் இதெல்லாம் பொருத்துவது லேசு. ரேஸ் ஃபிரேமோடு மல்லுக்கட்டாதீர்கள்.

சாலையில் இறக்குவதற்கு முன் முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இடுக்கி ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். தனியாக நகரக் கூடாது. முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கோடிவரை திருப்புங்கள். எந்தக் கேபிளும் விறைக்கக் கூடாது. ஒன்று தப்பினாலும் ஏறி ஓட்டாதீர்கள். தள்ளிக்கொண்டே வாருங்கள், திட்ட மாட்டேன்.