தற்சுட்டும் அழுத்தச் சுட்டும்: ‘செல்ஃப்’ சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சாதாரண தரத்துக்குப் படிக்கிற ஒரு பிள்ளையின் ஆங்கில இலக்கணக் கொப்பியைத் திறந்து பாருங்கள். மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப் என்று ஒரு பட்டியல் எங்காவது இருக்கும். மேலே ‘ரிஃப்ளெக்சிவ் புரோநவுன்’ என்று தலைப்பு. பக்கத்தில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஒரு கொப்பியில் ‘பிரதிபலிப்புப் பிரதிப்பெயர்’. இன்னொன்றில் ‘தெறிப்புப் பிரதிப்பெயர்’. கைபேசியில் மொழிபெயர்த்துக்கொண்டு வந்த பிள்ளையிடம் ‘அனிச்சைப் பிரதிப்பெயர்’. அடுத்த பக்கத்தில் ‘இன்டென்சிவ் புரோநவுன்’, அதற்கு ‘தீவிரப் பிரதிப்பெயர்’. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய மொழிபெயர்ப்பு அது.

பெயர் பிழைத்தால் பாடமும் பிழைக்கிறது. ‘தீவிரம்’ என்று எழுதி வைத்த பிள்ளைக்கு அந்தச் சொல் வசனத்தில் என்ன வேலை செய்கிறதென்று கடைசிவரை பிடிபடாது.

ரிஃப்ளெக்சிவ் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரெ’ என்றால் பின்னோக்கி, ‘ஃப்லெக்தெரெ’ என்றால் வளைத்தல். பின்பக்கமாக வளைந்து திரும்புவது என்று பொருள். அதே வேரிலிருந்து விஞ்ஞானத்துக்கும் சொற்கள் போயின. கண்ணாடியில் பட்ட ஒளி திரும்புவதை எங்கள் பாடநூல் ‘தெறிப்பு’ என்கிறது. சுடுசட்டியில் விரல் பட்டதும் யோசிக்க முன்னரே கை இழுபடுகிறதே, அது ‘தெறிவினை’. தமிழ்நாட்டுக்காரர் அதையே ‘அனிச்சைச் செயல்’ என்பார்கள். விஞ்ஞானத்துக்கு இவை நல்ல சொற்கள். இலக்கணத்தில் திரும்புவதோ ஒளியும் அல்ல, கையும் அல்ல. எழுவாய் செய்த வேலையின் பயன் வேறொருவர் மேலே போகாமல் எழுவாயிடமே வந்து சேருகிறது. ‘த மான் கட் த ட்ரீ’ என்றால் வெட்டுப்பட்டது மரம். ‘த மான் கட் ஹிம்செல்ஃப்’ என்றால் வெட்டினவனும் அவன்தான், வெட்டுப்பட்டவனும் அவன்தான்.

இதற்குத் தமிழில் பொருந்துகிற பெயர் ‘தற்சுட்டு’. தன் + சுட்டு என்பதில் னகரம் றகரமாகத் திரிந்திருக்கிறது. தற்கொலை, தற்காப்பு, தற்பெருமை, தற்புகழ்ச்சி எல்லாம் இதே வார்ப்புத்தான். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றிலும் செய்கிறவனும் படுகிறவனும் ஒரே ஆள். ஆகவே புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. (தற்காலம், தற்சமயம் இந்தக் குடும்பம் அல்ல. அவை வடமொழியின் ‘தத்’, அதாவது ‘அந்த’ என்ற சொல்லோடு வந்தவை. ஓசை ஒன்றாக இருப்பதால் பலர் மயங்குவதுண்டு.)

‘பிரதிப்பெயர்’ என்ற பின்னொட்டு வேண்டுமா என்றால், எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. புரோநவுன் என்பது பெயருக்குப் பதிலாக நிற்பது என்ற லத்தீன் சிந்தனை. ‘பிரதி’ அதன் நேர் பெயர்ப்பு. தமிழ் இலக்கணம் இவற்றைத் தனி வகையாகப் பிரிக்காமல் பெயர்ச்சொல்லுக்குள்ளேயே தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வைத்தது. ‘தற்சுட்டுப் பெயர்’ என்று எழுதினால் போதும். பாடசாலையில் பிரதிப்பெயர் என்றே பழகிவிட்டதென்றால் ‘தற்சுட்டுப் பிரதிப்பெயர்’ என்று எழுதுவதிலும் குற்றமில்லை.

இனி இன்டென்சிவ். இதற்கும் லத்தீன்தான் ஊர். ‘இன்டென்டெரெ’ என்றால் இழுத்து விறைக்க வைத்தல். வசனத்தில் ஒரு பெயரை இழுத்து விறைப்பாக்கிக் காட்டுவது இதன் வேலை. பழைய பிரித்தானிய இலக்கண நூல்களில் இதற்கு ‘எம்ஃபாட்டிக் புரோநவுன்’ என்று பெயர். ஒரு புத்தகத்தில் ஒரு பெயரும் மற்றப் புத்தகத்தில் மற்றப் பெயரும் கண்டுவிட்டு இரண்டு வகை என்று மனனம் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பொருள் ஒன்றேதான்.

முல்லைத்தீவுக் கோட்டையை 1803இல் பண்டாரவன்னியன் தாக்கிய கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லும்போது ‘பண்டாரவன்னியனே தாக்கினான்’ என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். அந்த ஒற்றை ‘ஏ’ என்ன செய்கிறது? படைத்தலைவனை அனுப்பவில்லை, வேறொருவன் அல்ல, அவனேதான் என்று மற்ற எல்லாரிடமிருந்தும் அவனைப் பிரித்து நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் இந்த ‘ஏ’க்கு ஒரு முழுச்சொல் தேவைப்படுகிறது: ‘பண்டாரவன்னியன் ஹிம்செல்ஃப் அட்டாக்ட் த ஃபோர்ட்’. ஹிம்செல்ஃபை எடுத்துவிடுங்கள், வசனம் ஆடாமல் நிற்கும். முன்னர் பார்த்த ‘கட் ஹிம்செல்ஃப்’ என்பதில் எடுத்தால் எதை வெட்டினான் என்ற கேள்வி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இரண்டையும் பிரித்தறிய இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை.

தொல்காப்பியர் இந்த வேலையை இடையியலில் வைத்துப் பேசிவிட்டார்: ‘தேற்றம் வினாவே பிரிநிலை எண்ணே ஈற்றசை இவ்வைந்து ஏகாரம்மே.’ தேற்றம் என்றால் தெளிவு, நிச்சயம். பிரிநிலை என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டல். இன்டென்சிவ் புரோநவுன் செய்வது இந்த இரண்டும் கலந்த வேலை. ‘தேற்றச் சுட்டு’ என்பது என் காதுக்கு இனிக்கிறது. ஆனால் ‘தேற்று’ என்றால் ஆறுதல் சொல்லுதல் என்றுதான் இன்றைய பிள்ளை நினைக்கும். செத்தவீட்டில் தேற்றுவது போல ஏதோ ஒன்று என்று எடுத்துவிடக்கூடும். ஆகவே வகுப்புக்கு ‘அழுத்தச் சுட்டு’ என்பதே வசதி.

ஒரே வடிவம் எப்படி இரண்டு வேலைக்கு வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ ஒரு பெயரடை மாதிரி நின்றது. ‘அதே’, ‘சொந்த’ என்ற பொருள். அழுத்தம் கொடுக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். தன்னைத் தானே என்று சொல்ல அக்காலத்தில் வெறும் ‘ஹிம்’, ‘மீ’ போதுமாக இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில்கூட இருக்கிறது: 4ஆம் சங்கீதத்தில் ‘லே மீ டவுன் இன் பீஸ்’ என்று வரும், ‘மைசெல்ஃப்’ என்று வராது. ‘அவன் அவனை வெட்டினான்’ என்றால் தன்னையா மற்றவனையா என்று மயக்கம் வரும் அல்லவா? அந்த மயக்கத்தைத் தீர்க்க அழுத்தச் சொல்லை இரவல் வாங்கினார்கள். இரவல் வாங்கியது நிரந்தரமாகிவிட்டது. பாடநூல் தற்சுட்டை முதலிலும் அழுத்தத்தைப் பின்னாலும் வைக்கிறது. வரலாறு நேர்மாறு.

மைசெல்ஃப், யுவர்செல்ஃப் என்பவற்றில் முன்னால் நிற்பது ‘என்’, ‘உன்’ என்ற உடைமை வடிவம். ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பவற்றில் ‘அவனை’, ‘அவர்களை’ என்ற வடிவம். இடைக்காலத்தில் ‘செல்ஃப்’ ஒரு பெயர்ச்சொல் போல உணரப்பட்டபோது ‘மீசெல்ஃப்’ என்றது ‘மைசெல்ஃப்’ ஆயிற்று. படர்க்கை மட்டும் அந்த மாற்றத்தோடு போகவில்லை. ‘ஹிஸ்செல்ஃப்’ என்று எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி குறையும். ஆனால் அந்தப் பிள்ளை ஒழுங்கைத்தான் பின்பற்றியிருக்கிறது, ஒழுங்கில்லாதது ஆங்கிலம். இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் ‘ஹிஸ்செல்ஃப்’ இன்றும் பேச்சில் உண்டு.

தமிழிலும் இதே ஊடாட்டம் உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ‘தான்’ ஒரு பெயர். வேற்றுமை ஏற்கும்போது ‘தன்’ என்று குறுகும். எங்கள் பேச்சில் ‘தன்ர’. அதே ‘தான்’ மற்றச் சொற்களின் வாலாக ஒட்டி அழுத்தமும் கொடுக்கும்: ‘நான்தான் கதவைத் திறந்தனான்’. போதாததற்கு ‘ஏ’யையும் சேர்த்துக்கொண்டு கேள்வியாகவும் வரும்: ‘நாளைக்கு வருவியள்தானே?’ இப்போது ‘அவன் தானே செய்தான்’ என்ற மூன்று சொல்லை எடுங்கள். இடைவெளி விட்டு எழுதினால் உதவியில்லாமல் அவனாகவே செய்தான். ஒட்டி ‘அவன்தானே செய்தான்’ என்றால், செய்தவன் அவன், வேறு ஆள் இல்லை, ஏன் என்னைக் கேட்கிறாய்? குரலை ஏற்றி இறக்கினால் பொருள் விளங்கும். எழுத்தில் அந்த இடைவெளிதான் குரல். கைபேசியில் தட்டி அனுப்புகிறவர்கள் இடைவெளியைக் கணக்கெடுப்பதில்லை.

ஆங்கிலத் தற்சுட்டுக்கும் தமிழ்த் ‘தானு’க்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது தன் வாக்கியத் துண்டுக்குள்ளே இருக்கிற எழுவாயைத்தான் காட்டும். வேலி தாண்டாது. தமிழ்த் ‘தான்’ வேலியைப் பாய்ந்து போகும். ‘தன்னைத்தான் காக்கின் சினங்காக்க காவாக்கால் தன்னையே கொல்லுஞ் சினம்’ என்கிறது 305ஆம் குறள். பின்பாதியில் கொல்வது சினம், எழுவாய் அதுதான். ஆனால் ‘தன்னையே’ என்பது சினத்தைச் சுட்டவில்லை. சினத்தைக் காக்காமல் விட்ட மனிதனைச் சுட்டுகிறது. அதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘ஆங்கர் வில் கில் இட்செல்ஃப்’ என்று எழுதினால் கோபம் தானே செத்துப்போகும் என்றாகிவிடும். அப்படி நடந்தால் எவ்வளவு நல்லது!

இதே இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள். ‘தான் நாளைக்கு வாறன் எண்டு சொன்னவர்’ என்று வீட்டில் கதைத்துவிட்டு வந்து, ‘ஹீ செட் தட் ஹிம்செல்ஃப் வில் கம்’ என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஹிம்செல்ஃப் தனியே எழுவாயாக நிற்காது. அங்கே ‘ஹீ’தான் வரவேண்டும். தமிழில் ‘தான்’ கண்டவுடன் செல்ஃபைத் தேடக்கூடாது என்று பலகையில் பெரிதாக எழுதிப் போடலாம்.

‘கொள்’ என்ற துணைவினையும் ஒரு பொறி. ‘கத்தியால் வெட்டிக்கொண்டான்’ என்றால் தற்சுட்டு சரி. ‘முகம் கழுவிக்கொண்டான்’, ‘சவரம் செய்துகொண்டான்’, ‘உடுத்திக்கொண்டான்’ என்பவற்றுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் செல்ஃப் கேட்பதில்லை. ‘ஹீ வொஷ்ட்’, ‘ஹீ ஷேவ்ட்’ போதும். உடம்பில் ஒரு உறுப்பைச் சொல்லிவிட்டாலும் அப்படித்தான். ‘கையை வெட்டிப்போட்டான்’ என்பது ‘ஹீ கட் ஹிஸ் ஹாண்ட்’.

பன்மையில் இன்னொரு கவனம். ‘தெம்செல்வ்ஸ்’ என்றால் ஒவ்வொருவரும் தன்னைத் தானே. ‘ஈச் அதர்’ என்றால் ஆளையாள். ‘ஆளையாள் அடிச்சுக்கொண்டாங்கள்’ என்பதற்குத் ‘தே ஹிட் தெம்செல்வ்ஸ்’ என்று எழுதினால் ஒவ்வொருவனும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான் என்று அர்த்தம். வன்னிப் பேச்சில் ‘ஆளையாள்’, ‘ஆளுக்காள்’ என்று இவ்வளவு தெளிவான சொற்கள் இருக்கும்போது, இந்த வேறுபாட்டை விளக்க வேறு எங்கும் போகவேண்டியதில்லை.

‘யுவர்செல்ஃப்’, ‘யுவர்செல்வ்ஸ்’ இரண்டும் சிறிய விடயம், ஆனால் சுவையானது. இன்றைய ஆங்கிலத்தில் ‘யூ’ ஒருவருக்கும் பலருக்கும் பொது. ஒருமையா பன்மையா என்ற வேறுபாடு இந்தச் சொல்லின் வாலில் மட்டும் பிழைத்திருக்கிறது. எங்களுக்கோ ‘நீங்கள்’ என்பது பலருக்கும் வரும், மரியாதைக்குரிய ஒருவருக்கும் வரும். அதிபருக்கு எழுதும் கடிதத்தில் மரியாதை கருதி ‘யுவர்செல்வ்ஸ்’ போட்டால் அவர் ஒருவர் பலராகிவிடுவார். மரியாதைக்கு அங்கே இடமில்லை. ஒருவர் என்றால் ‘யுவர்செல்ஃப்’.

முன்னால் ‘பை’ வந்தால் பொருள் மாறும். ‘பை மைசெல்ஃப்’ என்றால் தனிய, அல்லது உதவியில்லாமல். ‘தன்ர பாட்டில’ என்ற எங்கள் வழக்கு இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ‘பிள்ளை தன்ர பாட்டில படிக்குது’, ‘குளம் தன்ர பாட்டில வான் பாயுது’. முதலாவது ‘பை ஹெர்செல்ஃப்’, இரண்டாவது ‘பை இட்செல்ஃப்’. கதவு தானாய்த் திறந்தது என்பதற்கும் ‘பை இட்செல்ஃப்’தான்.

சில வினைகளுக்கு ஆங்கிலம் பிடிவாதமாகத் தற்சுட்டுக் கேட்கும், தமிழில் அதற்கு வேலையே இருக்காது. ‘ஹீ ஆப்சென்டட் ஹிம்செல்ஃப்’ என்று அலுவலகக் கடிதத்தில் வரும். எங்களுக்கு அது ‘கடமைக்குச் சமூகமளிக்கவில்லை’. ‘என்ஜோய் யுவர்செல்ஃப்’ என்றால் சந்தோசமாய் இருந்துவிட்டு வா. விருந்துக்கு வந்தவரிடம் ஆங்கிலத்தில் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்பார்கள். ‘உனக்கு நீயே உதவி செய்’ என்று பெயர்த்தால் வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்கு இங்கே ‘வெக்கப்படாமல் போட்டுச் சாப்பிடுங்கோ’ என்பதுதான் தமிழ்.