பலகையை அறுக்கும் முன் டேப்பை எடுங்கள்

சென்ற வாரம் மேடவாக்கத்தில் ஒரு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். இந்த ஆண்டில் இது ஐந்தாவது வீடு. வீட்டுக்காரர் தம் கைப்பேசியின் லைடாரால், அதாவது ஒளியை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் சென்சாரால், சமையலறையைத் தாமே ஸ்கேன் செய்து பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார். பட்டறையும் அதை நம்பிப் பிளைவுட்டை அறுத்து, லேமினேட் ஒட்டி, பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டது. கறுப்பு கிரானைட் மேடைக்கு அடியில் போகவேண்டிய பெட்டிகள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடுதல். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"டைல்ஸ் இடுக்குகூடத் தெளிவாகத் தெரிகிறதே சார், அளவு எப்படித் தவறும்?" என்றார் வீட்டுக்காரர்.

கட்டடங்களை ஸ்கேன் செய்வதுதான் என் தொழில். ஐந்து வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் இடுக்கைக் காட்டுவது கேமரா. தூரத்தை அளப்பது லைடார். கேமராவுக்குத் தூரம் தெரியாது, லைடாருக்கு இடுக்கு தெரியாது. ஒன்றின் தெளிவு மற்றொன்றின் துல்லியம் ஆகாது.

2020இல் வந்த ஐஃபோன் 12 ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது செயலிகளுக்குத் தரும் ஆழப்படம், அதாவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் படம், 256க்கு 192, மொத்தம் 49,152 புள்ளிகள். அதன் கேமரா எடுக்கும் படமோ 12 மெகாபிக்சல். ஒரு தூரப் புள்ளிக்கு ஏறத்தாழ 250 நிறப் புள்ளிகள் வருகின்றன. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அடுத்தடுத்த இரு தூரப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். அந்த 49,152இலும் எல்லாம் அளந்து வந்தவை அல்ல. சென்சார் அளப்பது சில இடங்களை மட்டுமே. மீதியைக் கேமராப் படத்தைப் பார்த்து மென்பொருள் நிரப்புகிறது. இது ரகசியம் ஒன்றும் இல்லை, ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னதுதான்.

நிரப்பும் முறையை நான் குறை சொல்லவில்லை. பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் செதுக்கிச் செதுக்கி வளர்த்த நல்ல வித்தை அது. நிறம் மாறும் இடத்தில் பொருளின் விளிம்பு இருக்கும், நிறம் மாறாத இடத்தில் பரப்பு தொடரும் என்று வைத்துக்கொள்கிறது. மர நாற்காலிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் இந்தக் கணிப்பு அழகாகப் பலிக்கும். ஆனால் மயிலாப்பூரில் ஒரு பூஜை அறையில், சிவப்புத் தரையில் போட்ட மாக்கோலம் ஸ்கேனில் வரப்பு வரப்பாக எழும்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை மேல்தளத்தோடு ஒட்டிய வெள்ளை உத்தரமோ நேர்மாறாக மழுங்கிக் கரைந்துவிடும். வீட்டில் உத்தரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் லாஃப்ட் செய்ய முடியுமா?

மேடவாக்கத்தில் நடந்தது இன்னொரு வகை. பளபளப்பான தரை டைல்ஸில் பட்ட ஒளி நேரே திரும்பாமல் எதிர்ச்சுவருக்குப் போய்ச் சுற்றி வருகிறது. ஒளி தாமதமாக வந்தால் தூரம் அதிகம் என்றுதான் லைடார் கணக்கிடும். தரை இருப்பதைவிடக் கீழே போய்விட்டது, மேடைக்கு அடியில் இல்லாத உயரம் முளைத்தது. கண்ணாடி, மெருகேற்றிய கறுப்பு கிரானைட், எவர்சில்வர் தொட்டி எல்லாமே இந்தத் தொல்லையைத் தரும். நம் சமையலறைகளில் இவை இல்லாத வீடு எது?

மேடவாக்கத்து வீட்டுக்காரருடைய செயலியிலேயே நிறத்தை நீக்கிக் காட்டும் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். டைல்ஸ் இடுக்கு போயிற்று, கிரானைட்டின் மினுமினுப்பு போயிற்று. ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தி வைத்ததுபோல ஒரு மேடை மட்டும் நின்றது. அவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. நீங்களும் முதலில் அந்தப் பொத்தானைத் தேடுங்கள். நிறமில்லாமல் பாருங்கள். எதை நம்பிப் பணம் போடுகிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

பட்டறைக்காரர்களே, வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கேனை வைத்து மரத்தை அறுக்காதீர்கள். அது அறையின் அமைப்பைப் புரிந்துகொள்ள மட்டுமே. ஓர் ஆளை அனுப்பி, ஒவ்வொரு அகலத்தையும் தரையருகே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மூலைமட்டமும் ரசமட்டமும் அவர் பையில் இருக்கட்டும். சென்னையில் நான் அளந்த வீடுகளில் மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரி இருந்தவை மிகக் குறைவு.

வீட்டில் ஸ்கேன் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேலைத் தரையில் வைத்து, அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பிறகு திரையில் அதை அளந்து பாருங்கள். அதுவே தவறினால் மற்ற எந்த அளவையும் நம்பாதீர்கள். சரியாக வந்தாலும் அந்த மூலைக்குத்தான் அது சாட்சி, எதிர்மூலைக்கு இல்லை. பளபளக்கும் இடங்களில் செய்தித்தாளை விரித்து ஒட்டுங்கள். கண்ணாடியை மூடுங்கள். சுவரிலிருந்து ஐந்து மீட்டருக்குள் நின்று மெதுவாக நடங்கள்.

பால்கனியை உச்சிவெயிலில் ஸ்கேன் செய்யவே கூடாது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருப்பதால் லைடாரின் ஒளி அதில் மூழ்கிவிடும். முழு இருட்டிலும் ஆகாது, கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். வெயில் இறங்கிய பிறகு, தெருவிளக்கு எரிவதற்கு முன், ஒரு அரைமணி நேரம் கிடைக்கும். அதற்குள் முடித்துவிடுங்கள்.