சாய ஊசிக்குப் பயந்து மாடியில் மருந்தடிப்பவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் பயிர் ஆலோசனை சொல்வது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் மா விவசாயிகள். மாசி பிறந்துவிட்டால் மாடித் தோட்டக்காரர்களும் வரத் தொடங்குவார்கள். கையில் ஒரு பாலிதீன் பை இருக்கும். பைக்குள் வெம்பிக் கறுத்த தர்பூசணிப் பிஞ்சுகள், சுண்டைக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. “நல்ல மருந்தாக எழுதிக் கொடுங்கள் சார்.” இந்த வாரம் மட்டும் நான்கு பேர்.

நான்காவதாக வந்த அம்மா, ஏற்கெனவே அடித்த மருந்தையும் கொண்டுவந்திருந்தார். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியில் பால் நிறத்தில் கொஞ்சம் மிச்சம். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடும் உறவினர் ஊற்றிக் கொடுத்ததாம். என்ன மருந்து, எவ்வளவு கலப்பது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சமையலறை அலமாரியில். வீட்டில் ஐந்து வயதுப் பேரன்.

ஏனம்மா தர்பூசணி வளர்க்கிறீர்கள் என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்: “கடைப் பழத்தில் சாய ஊசி போடுகிறார்கள்.” 2025 கோடையில் இந்தப் பேச்சு பரவியபோது, வாங்க ஆளில்லாமல் தர்பூசணி விவசாயிகள் நொந்துபோனார்கள். ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஊசியில் ஏற்றும் சாயம் குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாக நிற்குமே தவிர, ஐந்து கிலோ பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது. துளை வழியாகக் கிருமி புகுந்து, வெயிலில் பழம் புளித்து ஒழுகத் தொடங்கிவிடும். நாள் கணக்கில் குவித்து வைத்து விற்கிற வியாபாரி தன் சரக்கைத் தானே குத்திக் கெடுப்பாரா? ஒரு லாரி லோடுக்கு எத்தனை ஆயிரம் ஊசி வேண்டும்? அந்தச் சிவப்பு லைகோபீன், தக்காளியில் இருக்கிற அதே நிறமி. காகிதத்தில் தேய்த்தால் சிவக்கிறதே என்கிறார்கள். சிவப்புப் பழத்தின் சாறு பட்டால் காகிதம் சிவக்காமல் வேறென்ன செய்யும்? இல்லாத சாயத்துக்குப் பயந்தவர், பெயரே தெரியாத நஞ்சைத் தன் கையாலேயே கொடியில் தெளித்திருக்கிறார்.

அந்தப் பிஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு நோயே இல்லை. மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. அது ஒரே நாள்தான் விரியும், தேனீ வந்தால்தான் காய் நிற்கும். காலையில் மருந்தடித்துவிட்டு மாலையில் தேனீயைத் தேடுகிறோம். மாடிக்குத் தேனீ வராவிட்டால், காலை ஒன்பது மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

கட்டுப்படியாகுமா என்றும் கேட்கிறார்கள். பையில் வளரும் ஒரு கொடியில் ஒன்றிரண்டு பழம் தேறினால் பெரிது. அதற்கு மூன்று மாதம் தண்ணீர், அதுவும் நம் ஊர் போர்வெல்கள் மூச்சு வாங்குகிற மாதங்களில். டேங்கர் தண்ணீர் ஊற்றித் தர்பூசணி வளர்ப்பதைவிடப் பர்கூர் சாலையோரக் குவியலில் வாங்குவதே லாபம். ஆசைக்கு ஒரு கொடி என்றால் முலாம்பழம் போடுங்கள். காம்பு தானாக விடுபடும்வரை கொடியிலேயே பழுத்தது லாரிப் பயணம் தாங்காது, அதனால் அந்த மணம் கடையில் கிடைப்பது அரிது.

தரையில் இடமிருந்தால் கொய்யா, எலுமிச்சை. மாமரம் வேண்டுமென்றால் பையூர் 1 ஒட்டுக்கன்று. நீலம் மாம்பழ ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது, குட்டையாக நிற்கும். மாம்பழத்துக்காவது பயப்படக் காரணம் உண்டு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் நின்றபாடில்லை. வீட்டுக் காயை வைக்கோலில் போட்டால் தானே பழுக்கும். (மாந்தோப்பில் தொங்கும் பழ ஈப் பொறியைக் கொண்டுபோய் முலாம்பழக் கொடி அருகே கட்டாதீர்கள். அதில் ஈயை இழுக்க வைப்பது மெத்தில் யூஜினால். கொடிக்காய்களைத் துளைக்கும் ஈ அதற்கு மயங்காது. அதை இழுக்கும் கியூலூர் வைத்த பொறி என்று கேட்டு வாங்குங்கள்.)

மருந்து அடித்தே ஆக வேண்டுமா? லேபிளில் நஞ்சின் கடுமையை நிறத்தால் காட்டும் சாய்சதுரத்தைப் பாருங்கள். சிவப்போ மஞ்சளோ இருந்தால் வீட்டுப் பக்கமே வேண்டாம். பூக்கும் காலத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூடப் பொழுது சாய்ந்த பிறகே அடியுங்கள். அடித்த மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் வேண்டும் என்பது லேபிளிலேயே இருக்கும். ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினால் போகாது. மருந்தே அடிக்காவிட்டாலும் வீட்டு வெள்ளரி, சுரை, முலாம்பழம் கசந்தால் துப்பிவிடுங்கள், வீணாகிறதே என்று ஜூஸ் போடாதீர்கள்; அந்தக் கசப்பு காயிலேயே ஊறும் நஞ்சு.

மருந்தைக் குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த முறை என்னிடம் வரும்போது பிஞ்சோடு ஒரு பூவையும், லேபிள் கிழியாத மருந்துப் புட்டியையும் கொண்டுவாருங்கள்.