ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முன்: புகையிலையை மறைக்காதீர்கள்

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்த கையோடு, பைகளுடன் என் கிளினிக்குக்கு வந்தார் ஓர் அம்மா. வயது 56. அடுத்த மாதம் மகளுக்கு முகூர்த்தம். கண்ணாடி முன் நின்று இரண்டு விரலால் கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்துக் காட்டினார். "இத மட்டும் தூக்கி வுட்டுடுங்க டாக்டர்."

விரலுக்கு வருவது மேல்தோல்தான். ஃபேஸ்லிஃப்ட் எனும் முகத் தொய்வை நீக்கும் அறுவையில் காதின் முன்னும் பின்னும் கீறி, தோலைப் பிரித்து, அடியிலுள்ள தசைப்படலத்தை இறுக்கித் தைக்கிறோம். வெறும் தோலை இழுத்துத் தைத்தால் சீக்கிரமே தொய்ந்துவிடும், தழும்பும் அகலமாகிவிடும். கன்றிப்போன நிறமும் பெரும்பாலான வீக்கமும் அடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அடுத்த மாத முகூர்த்தத்துக்குச் சரிவராது என்றேன்.

சிகரெட், பீடி உண்டா என்றதற்குப் பதறிப்போய் "ஐயோ, இல்லீங்க" என்றார். பற்களின் ஓரத்தில் கறை தெரிந்தது. மறுபடி கேட்டேன். "வெத்தலையோட ஒரு கிள்ளு பொகையில."

அதுவும் நிகோடின்தான், மாவா (புகையிலை கலந்த பாக்கு), குட்காவும் அப்படியே. பிரித்தெடுத்த தோல் மெல்லிய ரத்த ஓட்டத்தில் பிழைக்கிறது. அங்குள்ள சிறு ரத்தக்குழாய்களை நிகோடின் சுருக்கிவிடும். வேறிடத்தில் அறுவை செய்துகொண்ட ஒருவர் என்னிடம் வந்தபோது, காதுக்குப் பின்னால் காசளவு தோல் கருகிக் கிடந்தது. மாவா போடுவதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. புண் ஆற வாரக்கணக்கில் கட்டுப் போட்டோம். அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது புகையிலை கூடவே கூடாது.

மாத்திரைகளையும் ஒளிக்காதீர்கள். ஆஸ்பிரினும் மீன் எண்ணெய் கேப்ஸ்யூலும் ரத்தப்போக்கைக் கூட்டலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. பி.பி. கட்டுக்குள் இல்லாவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். ஒரு கன்னம் மட்டும் விண்ணென்று வீங்கி வலித்தால் நடுராத்திரியானாலும் போன் செய்யுங்கள்.

காது குத்திய இடம் தடித்திருந்தால் காட்டுங்கள். தழும்பும் அப்படித் தடிக்கலாம். காது மடல் சில மாதம் மரத்திருக்கலாம். அரிதாக முகநரம்பு அடிபட்டு வாய் கோணலாம். கத்தியைப் பிடிப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) பட்டம் பெற்றவரா, மயக்க மருத்துவர் உடனிருப்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த அம்மா கல்யாணம் முடிந்து திரும்பி வந்தார். வெற்றிலைப் பெட்டியை மருமகளிடம் கொடுத்து ஏழு வாரமாயிற்றாம். பி.பி. பார்த்துவிட்டுத் தேதி குறித்தோம்.