கட்டுமான எஃகா, சட்டக உருக்கா?

போன மாதம் அவிநாசியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "கண்ணு, 300 கம்பி வந்து எறங்கிருச்சு. வேலைக்கு வந்த ஆளு இது எனக்கு ஆகாதுங்கறான். நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார்.

போய்ப் பார்த்தேன். வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் 12 மி.மீ. டி.எம்.டி. கம்பி, நடுவில் மடக்கிக் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அவர் கட்ட நினைத்தது மாடியில் ஏறத்தாழ 850 சதுர அடி. பழைய வீடு, காங்கிரீட் பாரம் தாங்காது. ஆகவே தூண், உத்திரம் எல்லாம் இரும்பில் நிறுத்தி மேலே ஷீட் போடுவதாக ஏற்பாடு. வேலையை ஏற்ற நிறுவனம் தமிழில் மதிப்பீடு கொடுத்திருந்தது. அதில் ஒரு வரி: "கட்டுமான எஃகு, 12 மி.மீ. வரை – 3.2 டன்." சித்தப்பா கட்டுமான எஃகு என்றால் கம்பி என்று எடுத்துக்கொண்டார். விளம்பரத்தில் எல்லாம் கம்பியைத்தானே அப்படிச் சொல்கிறார்கள்! இரும்புக் கடையில் கிலோ விலை விசாரித்தார். மதிப்பீட்டில் இருந்த விலை அதைவிட எவ்வளவோ கூடுதல். ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வந்து, தானே 3.2 டன் கம்பி வாங்கி இறக்கிவிட்டார். அந்த 12 மி.மீ. என்பது தூணுக்கு அடியில் வைக்கும் பேஸ் பிளேட்டின் கனம். கூடுதல் விலை, வெட்டி, வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்து, மாடியில் ஏற்றி நிறுத்தும் கூலி சேர்ந்தது. கடைக்காரர் பிடித்தம் போட்டுக் கம்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பிடித்தம் கொஞ்சமில்லை.

இந்தக் குளறுபடியைச் செய்தது ஒரு சொல். அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இனிமேல் பொறுப்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் அது 'ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல்'. ஸ்ட்ரக்சர் லத்தீனிலிருந்து வந்தது. அடுக்குதல், கட்டுதல் என்பது வேர்ப்பொருள். ஸ்டீல் ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். அசையாமல் நிற்பது என்ற பொருளோடு தொடர்புடையது. நமக்கு வேண்டியது, இன்றைக்கு அந்தத் தொடர் எதைக் குறிக்கிறது என்பது. உலையில் உருக்கி, உருளைகளுக்கு இடையே சூடாகச் செலுத்தி, குறிப்பிட்ட வடிவத்தில் நீளநீளமாக எடுத்த துண்டுகள். தூணாகவும் உத்திரமாகவும் தாமே நின்று பாரத்தைச் சுமப்பவை. ஆங்கிள், சேனல், கர்டர், பிளேட் எல்லாம் இதில் சேரும். கம்பி சேராது.

கம்பியின் வேலையே வேறு. காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது; அந்தக் குறையை ஈடுகட்டக் காங்கிரீட்டுக்குள் ஒளிந்திருப்பது கம்பி. தனியாக நிறுத்தினால் கம்பி நிற்காது. பத்தடிக் கம்பியை நட்டுவைத்து மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், வில்லாக வளையும். இத்தனைக்கும் கம்பி வலுவில் குறைந்ததல்ல. எஃப்.இ. 500 என்று குறித்த கம்பி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். நம் பட்டறைகளில் புழங்கும் இ 250 வகை ஆங்கிளும் சேனலும் அதில் பாதிதான். ஆனால் சேனல் நிற்கும், கம்பி நிற்காது. காரணம் வடிவம். இந்தியத் தர நிர்ணயத்திலும் இரண்டும் தனித்தனி: கம்பிக்கு ஐ.எஸ். 1786, இவற்றுக்கு ஐ.எஸ். 2062. கம்பி போட்ட காங்கிரீட்டை வடிவமைக்க ஐ.எஸ். 456, இவற்றைக் கொண்டு கட்ட ஐ.எஸ். 800. பொறியாளருக்கு இரண்டு புத்தகம், கடைக்காரருக்கு இரண்டு கிடங்கு, வேலைக்கு வருபவரும் இரண்டு பேர். கம்பி கட்டுகிறவர் வேறு, வெல்டர் வேறு. இவ்வளவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் 'கட்டுமான எஃகு'.

கட்டுமானத்தில் பயன்படும் எஃகு எல்லாமே கட்டுமான எஃகுதானே என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதிட்டார். நான் சொல்வதும் அதுவேதான். ஒரு கலைச்சொல் எல்லாவற்றையும் குறித்தால் எதையும் குறிக்காது. கம்பி கட்டுமானத்துக்கு, கட்டுக்கம்பி கட்டுமானத்துக்கு, ஜன்னல் கிரில் கட்டுமானத்துக்கு, ஆணியும் கட்டுமானத்துக்குத்தான். மூலச்சொல்லில் உள்ள 'ஸ்ட்ரக்சுரல்' என்பது எங்கே பயன்படுகிறது என்று சொல்லவில்லை. என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறது. மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிட்டு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

'கட்டமைப்பு எஃகு' என்பது அடுத்த போட்டியாளர். பாடநூல் பழக்கம் உள்ளவர்கள் இதை விரும்புகிறார்கள். முந்தையதைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டமைப்பு என்ற சொல்லைத் தமிழில் நாம் எவ்வளவு வேலை வாங்கிவிட்டோம்! சாலையும் பாலமும் உள்கட்டமைப்பு. கட்சிக்குக் கிளை அளவில் கட்டமைப்பு. செல்லின் கட்டமைப்பு, வாக்கியக் கட்டமைப்பு, சமூகக் கட்டமைப்பு. உலோகவியலில் இதே இரண்டு சொல்லை மாற்றிப்போட்டு 'எஃகின் கட்டமைப்பு' என்றால், நுண்ணோக்கியில் தெரியும் அதன் மணிமணியான உள்ளமைப்பு. கட்டடத்தின் எலும்பைக் குறிக்க வந்த சொல், உலோகத்தின் உள்ளே போய்விடுகிறது. இதைக் கேட்கும் வீட்டுக்காரருக்கு ஒரு உருவமும் மனத்தில் எழாது.

எஃகு என்ற பாதியைப் பற்றியும் பேச வேண்டும். அது அருமையான பழஞ்சொல். ஆனால் அதன் உயிர் கூர்மையில் இருக்கிறது. சங்கப் பாட்டில் எஃகு என்றால் வேல், கூர்படை. வள்ளுவர் பொருளைச் சேர்க்கச் சொல்லும்போது, பகைவர் செருக்கை அறுக்க "எஃகதனிற் கூரியது இல்" என்கிறார். வெட்டுகிற, குத்துகிற உலோகத்துக்கு அது பொருந்தும். வீட்டைத் தாங்குகிற உலோகத்துக்கோ கூர்மை வேண்டாம், கடினமும் அளவோடு போதும். ஒடிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கிற குணம்தான் வேண்டும். இ 250 வகையில் கார்பன் கால் விழுக்காட்டுக்கும் குறைவு. சோதனைக்கூடத்தில் இழுத்தால் அறுவதற்கு முன் குறைந்தது 23 விழுக்காடு நீள வேண்டும் என்பது விதி. பட்டறைக்காரர்கள் 'எம்.எஸ்.' என்று சொல்வதில் உள்ள எம், மென்மையைக் குறிக்கும் மைல்டுதான். மென்மையே சிறப்பாக உள்ள ஒன்றுக்குக் கூர்மையின் பெயரை வைத்திருக்கிறோம்.

உருக்கு அப்படியல்ல. உருகுவதிலிருந்து பிறந்த சொல். உருக்கி எடுத்தது உருக்கு, அவ்வளவே. கூர்மையையோ கடினத்தையோ அது முன்கூட்டிச் சொல்வதில்லை, செய்முறையைச் சொல்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்திய உருக்கைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார்; அதில் அவர் எழுதிய பெயர் 'வூட்ஸ்'. கன்னடத்தின் உக்கு, தமிழின் உருக்கு என்ற குடும்பத்திலிருந்து அது திரிந்து போனது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ஈழத்தில் இன்றும் பாடநூல் முதல் பேச்சு வரை உருக்குதான். நம்மிடமும் சேலத்தில் இருப்பது உருக்காலை. எஃகாலை என்று சொல்வது அரிது. ஆலைக்கு ஒரு பெயர், அதிலிருந்து வெளிவரும் பொருளுக்கு வேறு பெயர் என்று எப்படி வந்தது?

எஃகை ஒழிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கத்திக்கும் உளிக்கும் ரம்பத்துக்கும் அது இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகு என்பதும் வேரூன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். நான் கேட்பது வீடு கட்டுகிற இடத்தில் உருக்குக்கு இடம்.

அடுத்து முன்னொட்டு. சட்டகம் என்பதைப் பரிந்துரைக்கிறேன். சட்டம் தச்சர் வாயில் புழங்கும் சொல். கதவுச் சட்டம், ஜன்னல் சட்டம், படத்துக்குச் சட்டம். பழைய நூல்களில் உடம்புக்கும் சட்டகம் என்று பெயர் உண்டு. கட்டடத்திலும் இது உடம்பேதான். 1885இல் சிகாகோவில் பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் எழுந்தபோது, இரும்பும் உருக்கும் கலந்த சட்டகம் பாரத்தில் பெரும்பங்கை ஏற்றது, சுவர் பெரும்பாலும் போர்வையானது. அதுவரை பெரும்பாலும் சுவர்தான் மாடியைச் சுமந்தது. மாடி உயர உயரக் கீழ்ச்சுவர் தடித்துக்கொண்டே போனது. சட்டகம் வந்தபின் சுவரைக் கண்ணாடியாகவும் வைக்கலாம் என்றானது. இன்று சென்னையின் அலுவலகக் கட்டடங்களைக் கண்ணாடி மூடி நிற்பதும், திருப்பூர்க் கம்பெனிகளின் செட்டுகள் நடுவில் தூணே இல்லாமல் விரிந்து கிடப்பதும் அந்த வழியில் வந்தவை.

ஒரு ஆட்சேபணை வரும். பழைய வீட்டில் நடுச்சுவரை இடித்து ஒரே ஒரு கர்டரைக் குறுக்கே வைக்கிறோமே, அது சட்டகமா? தனியாகப் பார்த்தால் இல்லை. ஆனால் வைத்த நிமிடத்திலிருந்து அது வீட்டின் சட்டகத்தில் ஓர் உறுப்பு. பொருளின் பெயர் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சொன்னால் போதும் என்பது என் முடிவு.

உறுப்பு என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். அந்த மதிப்பீட்டோடு இணைத்த விளக்கத் தாளில் "எஃகு உறுப்பினர்கள் போல்ட் மூலம் இணைக்கப்படுவார்கள்" என்று இருந்தது. மெம்பர் என்றால் உறுப்பினர் என்று எந்திரம் எழுதியதை, ஒரு மனிதர் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார். உத்திரத்தைக் குறிக்கும் பீம் 'கற்றை' ஆகியிருந்தது. டார்ச் விளக்கிலிருந்து வருகிற அதே கற்றை. தூணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'காலம்', 'நெடுவரிசை' ஆகியிருந்தது; அது அட்டவணைக்கு உரியது. எவ்வளவு இழுக்கும் வரை பழைய நீளத்துக்குத் திரும்பும் என்று சொல்லும் ஈல்டு ஸ்ட்ரெங்த் 'மகசூல் வலிமை' ஆகி, உருக்கு நெல்லாக விளைந்துவிட்டது. டெட் லோடு 'இறந்த சுமை'. கட்டடத்தின் தன் எடை என்று சொல்லக் கூடாதா? தூண் என்ற சொல் எங்கே போயிற்று? உத்திரம், தூலம், கைமரம், மோட்டுவளை என்று மரவேலையில் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் வைத்திருந்த மொழியில் இதை எழுதுகிறார்கள். மரம் இரும்பானதால் பெயர் மாற வேண்டியதில்லை. உருக்கு உத்திரம், உருக்குத் தூண் என்றால் என் சித்தப்பாவுக்குப் புரியும். விட்டம் என்றும் எழுதலாம், ஆனால் நான் தவிர்க்கிறேன். கம்பியின் குறுக்களவும் விட்டம்தான். அந்த விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிடைக்கும் என்பது கடையில் எல்லாரும் போடும் கணக்கு. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. ஒரே தாளில் இரண்டு விட்டம் வந்தால் மறுபடியும் அவிநாசிக்குப் போக வேண்டியிருக்கும்.

வடிவங்களுக்குப் பெயர் தேடி ஆங்கில எழுத்துகளிடம் போக வேண்டியதுமில்லை. சேனலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், அச்சு அசலாக 'ப'. ஆங்கிள் 'ட'. ஊரில் ப வடிவ வீடு என்கிறோம், ப வடிவில் பந்தி போடுகிறோம்; ப உருக்கு, ட உருக்கு என்றால் கொத்தனாரும் வரைந்து காட்டுவார். ஒரு தாளை நிறுத்தினால் விழும், நடுவில் மடித்து ட போல நிறுத்தினால் நிற்கும். வடிவம்தான் வலு என்பதும் அந்த எழுத்திலேயே இருக்கிறது.

சித்தப்பாவின் மதிப்பீட்டை அந்த நிறுவனத்தாரிடம் பேசித் திருத்தி எழுதிக் கொடுத்தேன். "சட்டக உருக்கு, வெட்டி இணைத்து நிறுத்தும் கூலி உட்பட – 3.2 டன். பேஸ் பிளேட் கனம் 12 மி.மீ. கம்பி தேவையில்லை." வாங்கிப் படித்தவர், கர்டருக்கு நேரே நான் அப்படியே கர்டர் என்று விட்டிருந்ததைப் பார்த்து, "இதுக்குத் தமிழ்ல எழுத்து இல்லியா கண்ணு?" என்று கேட்டார். இல்லை. மேலும் கீழும் அகன்று இடை சிறுத்திருப்பதால் உடுக்கை உத்திரம் எனலாமா என்று பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். வெல்டர் கொஞ்ச நேரம் அதன் வெட்டுமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடுக்கைன்னா சரியாத்தான் இருக்குதுங்க. ஆனா நான் கர்டர்னுதான் சொல்லுவேன்" என்றார். அது அவர் கையில் புழங்கும் பெயர், அதில் எனக்குச் சண்டை இல்லை.