துருவமான் மேய்க்கும் நாய் ஏன் குரைத்துக்கொண்டே இருக்கிறது?

ஹெல்சிங்கியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஃபின்னிஷ் லாப்ஹுண்ட் வாங்க ஆசை. அபார்ட்மென்டுக்குச் சரிப்படுமா?”

லாப்லாந்தில் துருவமான் மேய்க்க வளர்த்த இனம் இது. சாதுவான நாய். பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆண் நாயே தோள்வரை 49 சென்டிமீட்டர்தான். இரட்டை அடுக்கு ரோமம் என்பதால் குளிர் ஒரு பொருட்டில்லை. வீடெல்லாம் முடி உதிரும், அவ்வளவுதான். ஆனால் குரைக்கும். எனக்கு இந்த நாயைப் பிடித்ததே அந்தக் குரைப்பால்தான்.

ஆடு மேய்க்கும் பார்டர் காலி பெரும்பாலும் வாயே திறக்காது. பதுங்கி, முறைத்தே மந்தையை நகர்த்திவிடும். ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் இந்த வித்தை செல்லாது. அங்குள்ள சாமி (Sámi) என்னும் பழங்குடி மக்களின் துருவமான்கள் காட்டுக்குள் சிதறி மேய்பவை. மந்தையைத் திரட்டிப் பிரிக்கும் வேலை இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம்வரை நீளும். அப்போது பகல் சுருங்கிவிடும். வடகோடி உட்ஸ்யோகியில் ஏழு வாரம் சூரியன் எழுவதே இல்லை. இருட்டில், மரங்களுக்கு நடுவே, யார் முறைப்பது யாருக்குத் தெரியும்? குரைத்தால் மான் நகரும். நாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மேய்ப்பவருக்கும் புரியும்.

இன்னொன்றும் உண்டு. குதிகாலருகே குரைக்கும் நாயை மான் சும்மா விடாது. உதைக்கும், கொம்பைத் தாழ்த்திக்கொண்டு திரும்பும். நாய் அந்தக் கணமே துள்ளி விலக வேண்டும், மறுகணமே திரும்பி வரவும் வேண்டும். திடுக்கிடாத நாய்க்கு விலா உடையும். பயந்து ஓடிய நாயால் பயனில்லை. தலைமுறை தலைமுறையாக இரண்டும் வாய்த்த நாய்களே தேறின. இன்றும் சமையலறையில் குக்கர் மூடி விழுந்தால் லாப்ஹுண்ட் ஓரடி எகிறும். அப்புறம் தானே வந்து மூடியை மோந்து பார்க்கும்.

1960களில் பனி ஸ்கூட்டர்கள் வந்து நாயின் வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. 1966இல் குட்டை ரோம வகை தனி இனமாகப் பிரிந்தது. நீள ரோம லாப்ஹுண்ட் மெல்ல வீட்டு நாயானது. வேலை போனாலும் குரல் போகவில்லை.

குட்டியின் நகத்தை எண்ணி ராசி பார்ப்பவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அதை விட்டுவிட்டுப் பெற்றோர் நாய்களின் கண் பரிசோதனையைக் கேளுங்கள். விழித்திரையை மெல்ல அழிக்கும் பரம்பரை நோய் ஒன்று இந்த இனத்தில் இருக்கிறது. மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். ஃபின்லாந்து கென்னல் சங்கம் இனப்பெருக்க நாய்களின் உடல்நல விவரங்களை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நாய்க் கண்காட்சிக்குச் செலவிடுவதைவிட இதற்குச் செலவிடுவதே உருப்படியான வேலை என்பேன்.

அபார்ட்மென்ட் என்றால், குட்டியிலிருந்தே “போதும்” என்ற சொல்லுக்கு அடங்கப் பழக்குங்கள். பகல் முழுக்கத் தனியே பூட்டிவிட்டு ஆபீஸ் போகிறவர் என்றால் வேண்டாம்.