வரைபடத்துக்கு உயிர் எதற்கு?

திருவாரூரில் சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் பழைய தஞ்சாவூர் மாவட்டம் ஒரே நிறத்தில் விரிந்து கிடந்தது. பொத்தானை அழுத்தியதும் 1991-இல் நாகப்பட்டினம் கிழக்கே பிரிந்தது. 1997-இல் நடுவில் திருவாரூர் முளைத்தது. 2020-இல் மயிலாடுதுறை நாகப்பட்டினத்திடமிருந்து கழன்றுகொண்டது. முப்பது ஆண்டுச் சங்கதி அரை நிமிடத்தில் முடிந்தது. அருமையான வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரையின் தலைப்பில் ‘உயிரூட்டப்பட்ட ஊடாடும் வரைபடம்’ என்றிருந்தது. ‘அனிமேட்டட் இன்டராக்டிவ் மேப்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. பேசியவர் அதை ஒன்பது முறை சொன்னார். அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வேரை முதலில் பார்த்துவிடலாம். அனிமேஷன் என்பதன் மூலம் இலத்தீனில் ‘அனிமா’: மூச்சு, உயிர். மேப் என்பதற்கும் இலத்தீன்தான். ‘மாப்பா’ என்றால் துணி. நம் ‘படம்’ என்பதற்கும் துணி என்ற பொருள் உண்டு. பேகன் மயிலுக்குப் போர்த்திய படாம் துணிதானே. கும்பகோணத்துப் பக்கம் கருப்பூர்க் கலம்காரிக்காரர்கள் இன்றும் துணியில்தான் எழுதுகிறார்கள். ஆகவே வரைபடம் என்ற சொல்லோடு எனக்கு வழக்கில்லை. நிலம் வாங்குகிறவர்கூடப் பட்டாவோடு புலப்படத்தையும் கேட்டு வாங்குகிறார்.

வழக்கெல்லாம் அந்த உயிரோடுதான். இலத்தீனில் உயிர் என்றிருந்தால் தமிழிலும் உயிர் வந்தாக வேண்டுமா? உயிரூட்டுவது என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. சுவாமிமலையில் வார்த்தெடுத்த சிலைக்கு ஸ்தபதி கடைசியில் பொன்னுளியால் கண் திறக்கிறாரே, அதைச் சொல்லுங்கள் உயிரூட்டுவது என்று, ஒத்துக்கொள்கிறேன். மாவட்ட எல்லைக்கோடு நகர்வதற்கு அந்தச் சொல்லைச் செலவழிப்பது வீண்.

அடுத்தது அந்த ‘ஊட்டப்பட்ட’. வறுத்த கடலை, அவித்த கிழங்கு, நெய்த சேலை என்று சொல்லிப் பழகிய வாய் இது. வறுக்கப்பட்ட கடலை என்று கூவி யாராவது விற்றிருக்கிறார்களா? மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்ததும் ‘பட்ட’ எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

‘அசைபடம்’ என்பாரும் உண்டு. கேலிச்சித்திரம் ஓடும் படத்துக்கு அது பொருந்தும். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள், சிக்கல் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது ஊரே கைபேசியில் காற்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி வரைபடத்தில் கோடுகள் சுழன்றுகொண்டே இருக்கும். காட்டுவதோ ஒரே ஒரு மணிப்பொழுதின் காற்றை. அங்கே படம் அசைகிறது, காலம் நிற்கிறது. புயல் வங்கக் கடலில் எந்த நாள் எங்கே இருந்தது என்று புள்ளி புள்ளியாக ஓட்டிக் காட்டுவது வேறு. அங்கே நகர்வது காலம். இரண்டையும் அசைபடம் என்றால், சொல் இருந்தும் வேறுபாடு சொல்ல வழியில்லை.

1970-இல் புவியியலாளர் வால்டோ டோப்ளர் டெட்ராய்ட் வட்டாரத்தின் வளர்ச்சியைக் கணினியில் இப்படி ஓட்டிக் காட்டினார். கட்டுரைத் தலைப்பில் அவர் வைத்த பெயர் ‘கணினித் திரைப்படம்’. அவருக்கே உயிர் தேவைப்படவில்லை.

எனக்கு விடை அந்த வகுப்பிலேயே கிடைத்தது. இரண்டாவதாக ஒரு வரைபடம் போட்டார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு. மூன்று நான்கு நாளில் கல்லணை. பிறகு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நீலம் கிளை கிளையாகப் பிரிந்து இறங்குகிறது. தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை விவசாயி ஒருவர் எழுந்து, “தம்பி, வெண்ணாற்றிலிருந்து திரும்ப ஓட்டுங்கள், எங்கள் வாய்க்காலுக்கு நீலம் வந்ததா என்று பார்க்க வேண்டும்” என்றார். ஓட்டுங்கள்! கொட்டகையில் படம் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, காலமும் ஓடுகிறது. மூன்றுக்கும் ஒரே வினை கையில் இருக்கும்போது உயிரைக் கடன் வாங்குவானேன்? காலவோட்ட வரைபடம் என்று சொல்லுங்கள். நீளமாக இருந்தால் ஓட்டப்படம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

இன்டராக்டிவ் என்பதற்கு ‘ஊடாடும்’ இருக்கட்டும். வரைபடமா ஊடாடுகிறது, நாமல்லவா என்று ஒரு நண்பர் மடக்கினார். படிக்கும் அறை என்றால் அறையா படிக்கிறது? தமிழ்ப் பெயரெச்சம் அத்தனை இடம் கொடுக்கும். ‘இடைவினை வரைபடம்’ என்ற மாற்றுத்தான் எனக்கு ஆகவில்லை. வேதியியல் வகுப்பு நெடி அடிக்கிறது. ஊடாடு என்றால் நடுவே புகுந்து போய்வருதல், நெருங்கிப் பழகுதல். திருபுவனத்துத் தறியில் நாடா நெடுக்கிழையான பாவுக்குள் புகுந்து குறுக்கிழையான ஊடையை விட்டுவிட்டுத் திரும்புகிறதே, கிட்டத்தட்ட அதுதான். ஓர் ஊரைத் தொட்டால் சாகுபடிப் பரப்பு வருகிறது; ஆண்டை நகர்த்தினால் எல்லை மாறுகிறது. விரல் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றோடு திரும்பி வருகிறது. (ஊடலுக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம், அது வேறு ஊடு.)

ஒரு வரைபடம் ஊடாடாமல் வெறுமனே ஓடலாம், ஓடாமலே ஊடாடலாம். அந்தத் திருவாரூர் வரைபடம் இரண்டையும் செய்தது, ஆகவே இரண்டு சொல்லும் அதற்கு வேண்டும். அதன் மூலையிலோ நிறக்குறிகளுக்கு மேலே ‘புராணம்’ என்று எழுதியிருந்தது. லெஜண்டை அகராதியின் முதல் வரியிலேயே பிடித்திருக்கிறார்கள். இரண்டு வரி தள்ளிப் போயிருந்தால் குறிவிளக்கம் கிடைத்திருக்கும். ஓட்டும் பொத்தானில் ‘பிளே’ என்பதற்கு ‘விளையாடு’.

வகுப்பு முடிந்ததும் பேசியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போன வாரம் திருத்திய வடிவத்தை அனுப்பியிருந்தார். தலைப்பில் ‘காலவோட்ட வரைபடம்’, மூலையில் ‘குறிவிளக்கம்’. பொத்தானில் மட்டும் ‘விளையாடப்படுகிறது’ என்று வருகிறது.